இரக்கத்தின் மொழியும் இழிவின் மொழியும்: கால்டுவெல்லின் 1849ஆம் ஆண்டுச் சிற்றேடு – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றிய கிறித்தவ மறைப்பணியாளர்கள் ஒடுக்குண்ட மக்களுக்குச் செபத்தையும் சோற்றையும் பள்ளியையும் ஒருசேரக் கொண்டுவந்தனர் என்பது வரலாறு. அப்பணிக்குரிய பொருளைத் திரட்டுவதற்காக அவர்கள் எழுதிய நூல்கள் அம்மக்களை எவ்வாறு படைத்துக்காட்டின என்பது வேறொரு வினா. முதலாவதைக் குறித்து நூல்கள் மிகுதி. இரண்டாவது, பெரும்பாலும் போற்றுவோர்க்கும் தூற்றுவோர்க்கும் இடையிலான வழக்காகவே நின்றுவிடுகிறது. இராபர்ட் கால்டுவெல் (1814–1891) 1849இல் சென்னையில் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்' என்னும் ஆங்கிலச் சிற்றேட்டை இக்கட்டுரை அந்த இரண்டாம் வினாவின் வழியே அணுகுகிறது. தலைப்பிலுள்ள பெயரை அச்சமூகத்தார் இழிவெனக் கொண்டனர். 1921இல் அரசும் அதனைக் கைவிட்டு நாடார் என்னும் பெயரை ஏற்றது. அப்பெயரே இங்கு ஆளப்படுகிறது.

சிற்றேடு எழுந்த சூழல்

கால்டுவெல் 1838இல் சென்னையில் வந்திறங்கி, 1841இன் இறுதியில் இடையன்குடியில் குடியேறியபோது அப்பகுதியில் கிறித்தவம் புதிதன்று. நாடார் சமூகத்தில் பிறந்த உபதேசியார் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் 1799இல் முதலூர் உருவாயிற்று. கிறித்தவத்தைத் தழுவியதால் வீடிழந்தோர்க்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது. ஊருக்கு நிலம் வேண்டியிருந்தது. நிலத்திற்குப் பணம் வேண்டியிருந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுசு இத்தேவையை முறைப்படுத்தினார். பிரஷ்யப் பிரபு தோனா அனுப்பிய நன்கொடையைக் கொண்டு 1827இல் எழுந்த டோனாவூர் இன்றும் அவர் பெயரையே தாங்கிநிற்கிறது. தமிழ்க் கிறித்தவர்களின் காணிக்கையைக் கொண்டு நிலம் வாங்கத் தர்ம சங்கம் தோன்றியது 1830இல்.

இவ்விரு வழிகளும் ஒரேவகை உதவி அல்ல. தர்ம சங்கத்திற்குக் காசு கொடுத்தவர் பக்கத்து ஊர்க்காரர். அவர்க்கு யாரும் பனையேறியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடல் கடந்து கொடுப்பவர்க்கோ எல்லாவற்றையும் விளக்கியாக வேண்டும். கால்டுவெல்லின் சிற்றேடு இந்த இரண்டாம் தேவையின் பிள்ளை. நாடார்களின் சமயம், ஒழுக்கநிலை, சாதி இயல்பு ஆகியவற்றையும், அவர்களிடையே கிறித்தவம் பரவுதற்குரிய வாய்ப்புகளையும் தடைகளையும் கூறுவதே தன் நோக்கமென அதன் நெடிய துணைத்தலைப்பு அறிவிக்கிறது. சென்னைப் பதிப்பை அடுத்து 1850இல் அது இலண்டனிலும் அச்சேறியது.

இரு குரல்கள்

சிற்றேட்டை ஊன்றிப் படிப்போர்க்கு அதனுள் இரு குரல்கள் கேட்கும். ஒன்று, கண்டதைக் கண்டவாறு சொல்லும் குரல். தேரிக்காட்டின் செம்மணல், நாள்தோறும் பல பத்து மரங்களில் இருமுறையும் மும்முறையும் ஏறி இறங்கும் உழைப்பு, பதநீர், கருப்பட்டி என்று ஒரு தொழிலின் நாளும் பொழுதும் அதில் பதிவாகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பனைத்தொழிலை இத்துணை அருகிருந்து நோக்கிய எழுத்து அரிது.

மற்றொன்று தீர்ப்பளிக்கும் குரல். நாடார்கள் அறிவில் மந்தமானவர், அச்சமுடையவர், நுண்பொருளைச் சிந்திக்கும் பழக்கமற்றவர், ஈழத்திலிருந்து குடியேறியவர் என அது அடுக்கிச் செல்கிறது. அவர்களது வழிபாடு பேய்வழிபாடு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்படுகிறது. சாமியாட்டம் பற்றிய விவரிப்பில் வேகமும் நாடகத்தன்மையும் மிகுந்துள்ளன. இங்கிலாந்தில் அதைப் படித்தவர் திடுக்கிட்டிருக்க வேண்டும். அவர் திடுக்கிட வேண்டும் என்றே அது எழுதப்பட்டிருக்கிறது.

இவ்விரு குரல்களும் மோதும் ஓரிடம் கவனத்திற்குரியது. 1809இல் திருவிதாங்கூர்ப் போரில் காயமுற்று இறந்த ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரின் கல்லறையில் மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்ட செய்தியைக் கால்டுவெல் குறிப்பிடுகிறார். அவர்க்கு அது பேய்வழிபாட்டின் பேதைமைக்குச் சான்று. அகால மரணமடைந்தவன் எந்நாட்டானாயினும் அவன் பசியாற வேண்டும் என்னும் நாட்டார் அறம் அவர் கண்ணில் படவில்லை. உயிரோடிருந்தபோது அத்தலைவர் எதை விரும்பியிருப்பார் என்றெண்ணிப் படையலைத் தேர்ந்தவர்களைச் சிந்தனை அற்றவர் என்பது எளிதன்று.

இக்குறை வெறும் தனிமனிதக் காழ்ப்பால் நேர்ந்ததாகத் தோன்றவில்லை. நிதி வேண்டும் எழுத்துக்கு ஓர் உள்முரண் உண்டு. உதவி தேவை என்று காட்ட மக்கள் மிகத் தாழ்ந்திருக்க வேண்டும். உதவி வீண்போகாது என்று காட்ட அவர்கள் உயரக்கூடியவராகவும் இருக்க வேண்டும். கால்டுவெல் முதலாவதைச் சாதி இயல்பு என்றும் இரண்டாவதைச் சமயத்தின் விளைவு என்றும் பிரித்துவிடுகிறார். அதனால் இழிவு மக்களுடையதாகவும் ஏற்றம் பணியாளருடையதாகவும் ஆகிறது. மக்கள் தூய ஆன்மிக நாட்டத்தால் மட்டுமே திருச்சபையை நாடுவதில்லை, பாதுகாப்பும் உதவியும் தேடியே முதலில் வருகின்றனர் என்பதை அவர் தம் பிற எழுத்துகளில் ஒளிவின்றி ஒப்புக்கொண்டவர். அதே நேர்மையை மக்களின் அறிவாற்றலைப் பற்றிய பகுதியில் காண இயலவில்லை. தம்மைக் காக்கக்கூடியவர் யார் என்று கணித்து முடிவெடுப்பது மந்தபுத்தியின் செயலாகுமா என்ற கேள்வி எழுப்பப்படவேயில்லை.

வாசகர் மாறியபோது

சிற்றேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதன் பாடுபொருளானவர்கள் அதைப் படிக்கப்போவதில்லை என்ற எண்ணம் அதன் வரிதோறும் உள்ளுறைந்திருக்கிறது. அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தது மறைப்பணியாளர் நடத்திய பள்ளியே. சாயர்புரம் செமினரியில் பயின்று, அங்கு மாணவர் தலைவனாக இருந்தமையால் சட்டாம்பிள்ளை எனப் பெயர்பெற்ற அருமைநாயகம், நாசரேத்தில் உபதேசியாராக இருந்து பணியாளரோடு முரண்பட்டு விலக்கப்பட்டவர். அவர் கையில் இச்சிற்றேடு கிடைத்தது. அவர் வழியாக அதன் செய்தி ஊர்களுக்குப் பரவியது.

1857இல் அவர் பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டார். பின்னாளில் ஏக இரட்சகர் சபை எனப்பட்ட அது கிறித்துவைக் கைவிடவில்லை; ஐரோப்பியரைக் கைவிட்டது. சனிக்கிழமை ஓய்வுநாளாயிற்று. நறும்புகையும் தண்டனிட்டுத் தொழுதலும் வழிபாட்டில் இடம்பெற்றன. மறைநூலின் யூத வழக்குகளை நேரே நோக்கி, இடையிலிருந்த இங்கிலாந்தைத் தாண்டிச்சென்ற முறை இது. நுண்பொருள் சிந்திக்க இயலாதவர் என்ற கூற்றுக்கு இதனினும் கூர்மையான மறுப்பு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

கொடையாளர் – பெறுநர் உறவைப் பொருளுதவி நிலைப்படுத்தியது. செபமோ அதனைக் குலைத்தது. கடவுளின் முன் இருவரும் ஒரே சொற்களைச் சொல்ல நேர்கையில், ஒருவரை மற்றவர் தாழ்ந்தவர் என எழுதிவைத்திருப்பது தாங்கவியலாததாகிறது. சிற்றேட்டின் மீதான சினம், புறத்தாரின் சினமாக மட்டும் அன்றி உடன் மண்டியிட்டவர்களின் சினமாகவும் எழுந்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

மறுப்பிலக்கியமும் பனையேறியும்

1880களில் எதிர்ப்பு வலுத்தது, மனுக்கள் சென்றன, கால்டுவெல் சிற்றேட்டைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். இதே காலப்பகுதியில் சமூகத்தார் எழுதிய மறுப்பு நூல்கள் தம் பெயரைச் 'சான்றோர்' என்பதிலிருந்து வருவித்து, சத்திரிய மரபை நிறுவ முயன்றன. இழிவுபடுத்தப்பட்டோர் தம் பெருமையை மீட்டமை என இதனைப் பாராட்டுவது ஆய்வுலக வழக்கம். பாராட்டு தகும், ஆயினும் ஒன்று கூற வேண்டும். அம்மறுப்புகளில் அரசர்கள் வருகின்றனர், பரம்பரைகள் வருகின்றன, பனையேறி வருவதில்லை. காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாளுமாகப் பாளை சீவியவனும், அடுப்படியில் புகை குடித்துக் கருப்பட்டி காய்ச்சியவளும் பெருமைக்குரிய முன்னோராக அங்கு எண்ணப்படவில்லை. தொழிலைக் கண்டு அதன் மனிதரை மதிக்கத் தவறியது சிற்றேடு. மனிதரின் மதிப்பை மீட்கப் புகுந்த மறுப்போ அவர்தம் தொழிலைக் காணாமலே விட்டது.

சிற்றேடு வந்த ஏழாண்டுகளில், 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவரும் இதே கால்டுவெல்தான். அதன் பின்னிணைப்பில் திராவிடரின் பழஞ்சமயம் குறித்து அவர் பேசுமிடத்தில் தேரிக்காட்டுச் சாமியாட்டமே மீண்டும் தலைகாட்டுகிறது. 1849இல் இழிவின் அடையாளமாயிருந்தது அங்கு தொன்மையின் தடயமாகிவிடுகிறது. ஒப்பிலக்கணத்தைக் கொண்டாடுவோர் சிற்றேட்டை மறப்பதும், சிற்றேட்டைக் காட்டி ஒப்பிலக்கணத்தைத் தள்ளுவோர் இடையன்குடியின் பள்ளிகளை மறப்பதும் இன்றும் தொடர்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, வரிக்கு வரி ஒப்புநோக்கிய தமிழ்ப் பதிப்பொன்று உருவாகுமாயின், எந்தச் சான்றுகள் நூலிலிருந்து நூலுக்கு மாறாமல் சென்றன, எந்தச் சொற்கள் மட்டும் வழியில் மாற்றப்பட்டன என்பது தெளிவாகும்.