இறால் ஓட்டின் இழை

மட்டாஞ்சேரியின் கிடங்குத் தெருக்களில் சுக்கும் மிளகும் மஞ்சளும் தம் வாசனையைக் காற்றுக்குத் தாராளமாக வாரி வழங்கிவிடுகின்றன. அவ்வூதாரித்தனத்தை அடக்கும் வித்தை ஒன்று உண்டு. அதற்கு உதவும் கைட்டோசான், ஏற்றுமதிக்காரர் கழித்துத் தள்ளும் இறால் ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் பதப்படுத்திப் பெறும் பதார்த்தம். அக்கரையில், வில்லிங்டன் தீவில், 1957இல் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

இந்தக் கைட்டோசானை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, தனியே இழைபட மறுக்கும் அதன் பிடிவாதத்தைத் தணிக்கப் பாலிஎத்திலீன் ஆக்சைடு சேர்த்து, மஞ்சளின் சாரமான குர்குமினையும் கலந்து, ஊசிமுனையில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஏற்றினால், துளியானது கூம்பாகக் கூர்ந்து (இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர் 1964இல் கணிதத்தால் விளக்கிய கூம்பு இது), அதன் நுனியினின்று தாரை சாட்டைபோல் சுழன்று பாய்ந்து, வழியிலேயே ஈரம் உலர்ந்து, தலைமயிரினும் நூறு மடங்குக்கு மேல் நுண்ணிய இழையாகத் தகட்டில் படிகிறது.

இவ்விழைப்படலத்தைப் புண்ணின்மேல் மருந்துக்கட்டாக வைத்தால், அதன் ஈரத்தில் இழை ஊறிப் பருக்க, அடைபட்ட சாரம் மெல்ல வெளிப்படும். மேற்பரப்பில் ஒட்டிய பகுதி மட்டும் முதற்சில மணி நேரத்திலேயே அவசரமாக ஓடிவிடுவதுண்டு. அதைத் தடுக்கவே, ஊசிக்குள் ஊசி பொருத்தி, மருந்திழையின்மேல் மற்றோர் உறையும் கூடவே படியுமாறு நூற்கிறார்கள். இவ்வித்தையில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது இந்த உபாயமே.