‘என் சரித்திரம்’ காட்டும் மாணவர்

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940ஆம் ஆண்டு தொடங்கி ‘ஆனந்த விகட’னில் வெளிவந்து, 1942இல் அவர் மறைவோடு முற்றுப்பெறாது நின்ற நூலாகும். அதனைப் போற்றுவோர் பலரும் ஏடு தேடி அவர் அலைந்த வரலாற்றையே எடுத்துரைப்பர். நூலின் உயிர்நிலை பிறிதோரிடத்தில் உள்ளதென்பதே எம் கருத்து.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1880இல் கும்பகோணங் கல்லூரித் தமிழாசிரியராய் அமர்ந்தவர் ஐயர். சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, அந்நூலை அவர் கற்றிருந்திலர். அன்று பற்றிய வேட்கை பின் அவரை விட்டிலது. ஏடு கிடைத்தது; நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது; எனினும் சமணக் கொள்கை அறியாமையாற் பல இடங்களிற் பொருள் விளங்கவில்லை. ஆகவே அவ்வூர்ச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கு சிந்தாமணி, புலவர் ஆராயும் காப்பியமாக மட்டுமன்றி, இல்லத்தார் ஓதி, ஓதி முடித்த நாளை விழாவாகக் கொண்டாடும் நூலாகவும் வாழ்ந்தது.

சமண நூலை அவர் தொடுதல் தகாதெனச் சைவர் சிலர் குறைகூறினர். ஆயினும், சைவ இலக்கியத்தில் ஊறிய ஒருவர் பிறசமயத்தார்முன் மாணவராய் அமர்ந்தமையே 1887ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு அடிப்படையாயிற்று. இதனைத் தம் பெருமையாக எழுதாது, ஐயம் ஒவ்வொன்றாக நீங்கிய வரலாறாகவே அவர் எழுதுகின்றார்.

சிறு நிகழ்ச்சிகளும் மிக விரிதலால் நூல் சிற்சிலவிடத்துத் தளர்கின்றது என்பது உண்மையே. சிந்தாமணிப் பகுதியில் அத்தளர்ச்சி இல்லை. தம் சமயநூல்களை மட்டுமே கற்றல் போதுமெனக் கருதும் மாணவர்க்கு, ஆசிரியர்கள் அப்பகுதியை வகுப்பில் வாசித்துக் காட்டுவாராக.