காணிக்கையும் கணக்கும்

கிறிஸ்தவரின் நாணயத்தைச் சிங்கப்பூரில் நம் சபைகள் தனி ஆளின் நடத்தையை வைத்தே அளக்கின்றன. தேக்கா கடையில் மீதிப் பணம் கூடுதலாக வந்தால் திருப்பிக் கொடுப்பது, உடம்பு நன்றாக இருக்கும்போது எம்சி எனும் மருத்துவ விடுப்பு எடுக்காதது: சாட்சி நேரத்தில் சொல்லப்படுபவை பெரும்பாலும் இவைதாம். இந்தப் பழக்கத்தின் பலம் பெரிது. யாரும் பார்க்காத இடத்திலும் மனசாட்சிக்குப் பயந்து நடக்க அது பழக்குகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்கிறார்கள்.

அதன் ஓட்டையை இங்குள்ள சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் வழக்கு காட்டிக்கொடுத்தது. போதகர் கோங் ஹீயும் ஐவரும் 2015 அக்டோபரில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. கட்டட நிதியில் 24 மில்லியன் வெள்ளி, போலிக் கடன்பத்திரங்கள் வழியே அவர் மனைவியின் பாப் இசைப் பயணத்துக்குப் போனது. அதை மறைக்க மேலும் 26 மில்லியன் சுற்றிவிடப்பட்டது. அவருக்கு விதித்த 8 ஆண்டுச் சிறை, 2017இல் மேல்முறையீட்டில் மூன்றரை ஆண்டாகக் குறைந்தது.

அவர்கள் பணத்தைத் தங்கள் பைக்குள் போட்டுக்கொண்டதாகக் குற்றச்சாட்டே இல்லை. பாட்டால் சுவிசேஷம் பரவும் என்றே பேசினார்கள். சாட்சி நேரத்து அளவுகோலில் அவர்கள் தேறிவிடுவார்கள்; இதுதான் என்னை உறுத்துகிறது. தணிக்கையாளரை ஏமாற்றக் கணக்கைத் திரித்தவர்களுக்கு, நோக்கம் நல்லது என்ற நினைப்பே துணிச்சல் தந்தது.

சபைப் பணம் அந்த இசைப் பயணத்துக்குப் போகிறது என்று 2003லேயே உறுப்பினர் ஒருவர் சொன்னார். கடைசியில் நாளிதழில் மன்னிப்புக் கேட்டது அவர்தான். ஊழியரைக் கேள்வி கேட்பதை விசுவாசக் குறைவாகப் பார்க்கும் வழக்கம் தமிழ்ச் சபைகளிலும் உண்டு. பேசாமல் இருப்பவரைத் தாழ்மையுள்ளவர் என்று மெச்சவும் செய்கிறோம்.

பவுல் தன்னைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக வைத்துக்கொள்ளவில்லை. எருசலேமுக்கான தர்மப் பணத்தைத் திரட்டத் தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். யாரும் குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்பதே காரணம் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 8ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகச் சொல்கிறார்.

ஆராதனை முடிந்ததும் இருவர் சேர்ந்து காணிக்கையை எண்ணி, தாளில் கையெழுத்திடும் முறை பல சபைகளில் இருக்கிறது. நல்ல முறை. ஆனால் வரும் பணத்துக்குக் காட்டும் அந்தக் கவனத்தைப் போகும் பணத்துக்குக் காட்டுவதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் அறிக்கை வாசிப்பார், ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், எல்லாரும் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன் யாராவது எழுந்து, “கட்டட நிதியை எதில் போட்டிருக்கிறோம், யார் முடிவு செய்தது?” என்று கேட்க வேண்டும். கேட்டவருக்குப் போதகரே எல்லார் முன்னிலும் நன்றி சொல்ல வேண்டும்.