மலைப்படமும் சாமிப்படமும்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதைக் கடைகளில் விற்கும் அண்ணாமலைப் படங்கள் பலவற்றில் வீடுகளே இருப்பதில்லை. நீலமும் ஊதாவுமாக மலை, கீழே கோபுரங்கள், உச்சியில் தீபம். ஊர் எங்கே போயிற்று?

நிலக்காட்சியில் யார் விடுபட்டார்கள் என்று கேட்கும் இந்தத் திறனாய்வு முறைக்கு அமெரிக்க மேற்கின் ஓவியங்கள் நல்ல தீனி. ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1859 பயணத்தில் எடுத்த குறிப்புகளைக் கொண்டு, நியூயார்க்கில் அமர்ந்து 1863இல் முடித்த 'ராக்கி மலைகள், லேண்டர் சிகரம்' பத்தடி அகலம். பனிச்சிகரம், வெயில் விழும் அருவி, முன்னால் ஷோஷோனி பழங்குடி மக்களின் கூடாரங்கள். எல்லாம் அமைதி. அதே 1863 ஜனவரியில்தான் பேர் ஆற்றங்கரையில் அமெரிக்கப் படை ஷோஷோனி மக்களை நூற்றுக்கணக்கில் கொன்றது. இதை அறிந்தபின் அந்த அமைதியை முன்போலப் பார்க்க முடியவில்லை. இந்த முறையின் பெரும்பலம் அதுதான்.

நம் ஊருக்கும் அது உதவுகிறது. ரமணர் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் மலை மொட்டைப் பாறையாக நிற்கும். ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று பக்தர்கள் நெகிழ்வதுண்டு. ஆனால் விறகுவெட்டும் மேய்ச்சலும் கோடைத் தீயும் சேர்ந்து உரித்த மலை அது. 1980களின் இறுதியிலிருந்து கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டி, மீண்டும் பச்சையாக்கியிருக்கிறார்கள். படத்தை நம்பியிருந்தால் அந்த உழைப்பின் தேவையே தெரிந்திருக்காது.

ஆனால் விடுபட்டதையெல்லாம் ஆக்கிரமிப்பின் அடையாளமாகவே படிக்கும்போது இந்த முறை சறுக்குகிறது. எங்கள் கூடத்தில் ஒரு மலைப்படம் உண்டு. கண்ணாடியில் குங்குமம் காய்ந்து, சட்டத்தின் மேல்முனை கற்பூரப் புகையில் கறுத்திருக்கும். அம்மாவுக்கு அது காட்சிப்படம் அல்ல, சாமிப்படம். மலையே லிங்கம் என்பவர் வீடுகளை வரையாதது, மூலவர் படத்தில் கருவறைக் குழல்விளக்கை வரையாதது போல. அதில் நிலத்தைப் பிடிக்கும் ஆசையைத் தேடுவது அநியாயம்.

இன்னொரு குறை, ஒரே இடத்தில் நின்று பார்ப்பதையே இந்த முறை பார்வையாகக் கொள்வது. இங்கே மலையைப் பார்ப்பது பதினான்கு கிலோமீட்டர் நடை. கிழக்கே கோபுரங்களுக்குப் பின்னால் ஒற்றைக் கூம்பாக எழும் மலையை அடி அண்ணாமலைப் பக்கம் வந்து பாருங்கள்; கடைப்படத்தில் கண்ட மலையா இது என்று ஒரு நிமிடம் நின்றுவிடுவீர்கள்.