'ரிஜெக்டட்' என்கிறது கிட்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்தான். "மாமா, புஷ் ஆக மாட்டேங்குது. ஏதோ நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்டுன்னு திட்டுது. ஃபோர்ஸ் போட்டுடட்டுமா?"

"போடாதே" என்று சொல்லி முடிப்பதற்குள் போட்டுவிட்டான். கூட வேலை பார்க்கும் பெண்ணின் இரண்டு நாள் உழைப்பு சர்வரில் காணோம்.

'கிட்' தெரியாதவர்களுக்கு: பத்துப் பேர் சேர்ந்து ப்ரோக்ராம் எழுதும்போது யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் பேரேடு. லினக்ஸ்காரர்கள் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச அனுமதி பறிபோனதும், 2005 ஏப்ரலில் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தது. பேரேட்டின் முழுப் பிரதி அவரவர் கம்ப்யூட்டரில். பொதுப் பிரதி சர்வரில். உங்கள் பக்கங்களை அங்கே சேர்ப்பதுதான் புஷ்.

கருவி அபாரம். அது பேசும் பாஷைதான் என் புகார். புஷ் தோற்றால் 'சில ரெஃப்களைத் தள்ள முடியவில்லை' என்கிறது. ரெஃப் என்றால் என்னவென்று நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு யார் சொன்னார்கள்? அதுகூடப் பரவாயில்லை. சக ஊழியர் முந்திக்கொண்டாலும் இதே வரி. உங்கள் கிளையின் பெயர் 'மாஸ்டர்' ஆக இருந்து, நீங்கள் 'மெய்ன்' என்று அடித்தாலும் இதே வரி (கிட்ஹப் 2020 அக்டோபரில் புதிய ரெபாசிட்டரிகளுக்கு 'மெய்ன்' என்று மாற்றியதில் பலர் தடுக்கி விழுந்தார்கள்). 100 எம்.பி.க்கு மேற்பட்ட ஃபைலை கிட்ஹப் திருப்பி அனுப்பினாலும் இதே வரி. அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி கமிட் செய்தால் தீராது. பழைய பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும். மூன்று வியாதி, ஒரே சீட்டு.

நியாயமாகச் சொன்னால், மேலும் கீழும் விளக்கம் உண்டு. 'முதலில் புல் செய்' என்று யோசனைகூட வரும். ராத்திரி பதினொன்றரைக்கு அதை யார் படிக்கிறார்கள்?

அடுத்த புகார் இன்னும் காட்டமானது. அடுத்தவர் வேலையைச் சர்வரிலிருந்து தூக்கும் ஃபோர்ஸுக்கு 'எஃப்' என்று ஒரே எழுத்து போதும். கொஞ்சம் பத்திரமான 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்' 2013-ல்தான் வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் 14 எழுத்து அடிக்க வேண்டும். கத்திக்கு உறை கிடையாது, கரண்டிக்குப் பூட்டு! அதே 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் ப்ராஜெக்டில் தவறுதலாக ஒரு ஃபோர்ஸ் புஷ் 180-க்கும் மேற்பட்ட ரெபாசிட்டரிகளைப் பின்னோக்கித் தள்ளியது. கிட்ஹப்காரர்கள் உதவி மீட்டார்கள்.

மருமகனுக்கு வருவோம். "ப்ராக்கெட்டில் என்ன இருந்தது, சரியாகச் சொல்லு. ஃபெட்ச் ஃபர்ஸ்ட்டா, நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்டா?"

"ரெண்டாவது. ஏன், ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. முதலாவது வந்தால் அவளுடைய கமிட்கள் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரவே இல்லை. இரண்டாவது வந்தால் வந்துவிட்டன, நீங்கள்தான் சேர்த்துக்கொள்ளவில்லை. இவனுடைய எடிட்டர் பின்னணியில் அவ்வப்போது ஃபெட்ச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. (அந்தப் பழக்கத்தால் லீஸ்கூட இவனைத் தடுத்திருக்காது என்பது வேறு விஷயம்.) இத்தனை முக்கியமான வித்தியாசத்தை ப்ராக்கெட்டுக்குள் ஒளித்து வைத்தவர்களை என்ன செய்யலாம்?

"ஃபோர்ஸ் போட்டதும் வந்த வரியில் மூன்று புள்ளிக்கு முன்னால் ஒரு எண் இருக்கும் பார். அதுதான் பழைய தலை. அதில் ஒரு கிளை போடு, உன்னோடதோட மெர்ஜ் பண்ணு, அப்புறம் புஷ் பண்ணு. ஃபோர்ஸ் இல்லாம."

பன்னிரண்டேகாலுக்கு மெசேஜ் வந்தது: 'வந்துடுச்சு மாமா. அவகிட்ட சொல்லணுமா?'

சொல்லச் சொல்லியிருக்கிறேன்.