பித்தும் நியமமும்

சிலந்தியையும் பாம்பையும் யானையையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் க்ஷேத்திரம் ஸ்ரீகாளஹஸ்தி. சிவலிங்கத்தைத் தன் நூலால் மண்டபம்போலச் சூழ்ந்து பின்னிய சிலந்தி, தீபச்சுடர் அந்த வலையை எரித்ததைக் கண்டு பொறாமல் சுடரையே விழுங்கப் பாய்ந்தது என்று ஸ்தலபுராணம் சொல்லும். அதே தலத்தில், வேடர் குலத்துத் திண்ணனார், இறைவனுடைய கண்ணில் இரத்தம் வழியக் கண்டு, அம்பினால் தம் கண்ணை அகழ்ந்தெடுத்து அப்பிக் கண்ணப்பர் ஆனார் என்று சேக்கிழார் விரித்துரைத்தார். ஒன்றைப் பற்றியபின் வேறொன்றை அறியாத மனத்தின் இயல்பை ஆராயப் புகுகிறவனுக்கு இதனினும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

வேங்கடத்தை வட எல்லையாகக் கருதி வாழ்ந்த தமிழர்களுக்குச் சித்தூர்ச் சீமை என்றுமே அயலாக இருந்ததில்லை. 1911-இல் சென்னை மாகாணத்தில் தனி ஜில்லாவாக அமைந்து, பிற்பாடு ஆந்திரத்தோடு சேர்ந்து, 2022-இல் திருப்பதி ஜில்லா பிரிந்துபோக, இன்று வெவ்வேறு பெயர்களில் நிற்கும் அந்தப் பூமியில், ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குவது இன்னும் சகஜம். அங்கே கண்ணெதிரே கிடைக்கும் சான்றுகளை முதலில் வைத்து, தற்கால ஓவியத்திலும் வடிவமைப்பிலும் கணினித் திரையின் கலாசாரத்திலும் காணப்படும் பித்தை அவற்றோடு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றையே பற்றிநிற்கும் அந்த மனநிலைக்குத் தமிழில் பெயர்கள் பல. பற்று என்னும் சொல்லில் கனிவு இருக்கிறது. மோகத்தில் மயக்கம் இருக்கிறது. வெறியில் அச்சம் கலந்திருக்கிறது. பித்து என்னும் சொல்லுக்கோ, சுந்தரர் இறைவனையே பித்தன் என்று விளித்த நாள் முதலாக ஒரு கௌரவமும் ஏறிவிட்டது. எல்லாப் பித்தும் ஒன்றல்ல என்பதை மொழியே உணர்ந்திருக்கிறது. எந்தப் பித்து கலையாகக் கனிகிறது, எந்தப் பித்து மனிதனை வெறுமனே தேய்த்துவிடுகிறது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

எழுத்து வேலை

திருப்பதியிலிருந்து சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில், தெலுங்கர் சுவர்ணமுகி என்றும் தமிழ் நூல்கள் பொன்முகலி என்றும் வழங்கும் ஆற்றின் கரையில், துணியில் சித்திரம் தீட்டும் கலை ஒன்று வாழ்கிறது. கலம்காரி என்பது பாரசீகத்திலிருந்து வந்த பெயர். தெலுங்கில் அதனை எழுத்து வேலை என்னும் பொருள்பட வ்ராதபனி என்பார்கள். மூங்கில் குச்சியைக் கூராக்கி, அதன்மேல் கம்பளி நூலோ துணியோ சுற்றிக் கட்டினால் அதுதான் கலம். விரல்கள் அந்தப் பொதியை மெல்ல அழுத்த, சாயம் கசிந்து முனைக்கு இறங்கும்.

அவசரக்காரர்களை அந்தத் தொழில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பருத்தித் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்த வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தும், பாலின் கொழுப்பு கோடு பரவாமல் காக்கும். புளியமிலார்க் கரியால் உருவத்தைக் குறித்த பின், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்காக ஊறவைத்துப் புளித்த நீரால் கோடு எழுத வேண்டும். எழுதும்போது வெளிறித் தோன்றும் அந்தக் கோடு, கடுக்காய் ஏறிய துணியோடு சேர்ந்ததும் கறுக்கத் தொடங்கும். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். அதுவோ ஏறக்குறைய நிறமற்றது. ஓடும் நீரில் அலசி, சாயவேரோ மஞ்சிட்டியோ இட்ட பாத்திரத்தில் கொதிக்கவைத்தால்தான், படிகாரம் தொட்ட இடமெல்லாம் சிவந்து எழும். பிறகு சாணநீரில் ஊறவைத்து வெயிலில் வெளுக்கவேண்டும், மறுபடியும் பால், அதன்பின் மஞ்சள், அவுரியின் நீலம், இரண்டும் சேர்ந்த பச்சை. இந்தப் படிகளைப் பதினேழு என்றும் அதற்கு மேலும் கணக்கிடுவர்.

கண்ணுக்குத் தெரியாத நீரால் ஒருவன் நாள் முழுதும் எழுதுகிறான். சரியாக எழுதினானா என்பதைச் சில நாட்களுக்குப் பிறகு நெருப்பும் தண்ணீரும் சொல்கின்றன. அதுவரையில் அவனுக்குத் துணையாக இருப்பது அவனுடைய கையின் அப்பியாசம் ஒன்றே. இராமாயண பாரதக் கதைகளைச் சதுரம் சதுரமாகப் பகுத்து, ஒவ்வொன்றின் கீழும் தெலுங்கு வாசகம் எழுதி, கோயில் திரைச்சீலையாக முடிக்கும் ஒரு பெருந்துணியில் எத்தனை ஆயிரம் கோடுகள் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அதனை வெறும் ஜீவனோபாயம் என்று சொல்லிவிட மனம் துணியாது.

இந்தக் கலை ஒரு காலத்தில் அழிவின் விளிம்பிற்கே போயிற்று. கமலாதேவி சட்டோபாத்தியாயரின் தலைமையில் இயங்கிய அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம், 1957-இல் காளஹஸ்தியில் ஒரு பயிற்சி நிலையம் ஏற்படுத்தியது. அந்தப் பரம்பரையில் வந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் சிற்பக் கல்லூரியிலும் கலம்காரி ஒரு பாடம். தஞ்சைப் பக்கத்துக் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் வாழும் தமிழ்நாட்டுக் கலம்காரி இதற்குச் சகோதரி. தற்கால ஓவியர்களில் பரோடாவில் பயின்ற லாவண்யா மணி போன்றோர், இதே சாயங்களையும் இதே பொறுமையையும் நவீனப் பொருள்களைச் சொல்லக் கையாண்டு வருகிறார்கள்.

வாங்குவோரின் மோகம்

செய்கிறவனுடைய பித்துக்கு எதிர்ப்புறத்தில் வாங்குகிறவனுடைய மோகம் நிற்கிறது. அதுவும் இத்துணியின் சரித்திரத்தில் புதிதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சித்திரத் துணிகள் ஐரோப்பாவை ஆட்டிவைத்தன. துவைத்தாலும் வெளுக்காத சிவப்பை ஐரோப்பியர்கள் அதுவரை பருத்தியில் கண்டதில்லை. உள்நாட்டு நெசவு அழிந்துவிடும் என்று அஞ்சிய பிரான்சு, 1686-இல் அவற்றைத் தடைசெய்து, 1759 வரை அந்தத் தடையை நீக்கவில்லை. இங்கிலாந்து 1701-இலும் 1721-இலும் சட்டங்கள் போட்டது. 1719-இல் லண்டன் நெசவாளர்கள், தெருவில் நடந்த பெண்களின் உடம்பிலிருந்து இந்தியத் துணிகளைக் கிழித்தெறிந்தார்கள். கெர்து என்னும் ஏசு சபைப் பாதிரியார், சாயமிடும் முறைகளை இங்கிருந்தே கேட்டறிந்து 1742-இல் தம் நாட்டிற்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். அறிவு இவ்வாறு கடல் கடந்தது. பிறகு யந்திரம் அதே பூக்களை அச்சிட்டு, அவற்றை முதலில் எழுதிய கைகளின் பிழைப்பைப் பறித்தது.

இன்று அந்தக் கதை வேறு வேஷத்தில் திரும்ப நடக்கிறது. கலம்காரி என்ற பெயரில் கைப்பேசித் திரையில் நாம் காணும் சேலைகளில் பல, கையெழுத்தின் நிழற்படத்தைக் கணினி வழியே செயற்கை இழையில் அச்சிட்டவை. ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரி புவிசார் குறியீடு பெற்றிருந்தும், பார்த்த கணத்திலேயே வாங்கிவிடத் துடிக்கும் மனத்திற்கு அந்தக் குறியீட்டைத் தேடிப் பார்க்கும் அவகாசம் இல்லை. துணியைத் திருப்பி, சாயம் மறுபுறமும் ஊடுருவியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தைத் திரை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. திரைக்கு மறுபுறம் கிடையாது.

நாளுக்கு ஒன்று

காளஹஸ்தியிலிருந்து திருமலைக்கு ஏறினால், பித்தின் மற்றொரு பெரிய சின்னத்தைக் காணலாம். தாளப்பாக்கம் அன்னமாசாரியார், 1424-ஆம் ஆண்டு தொடங்கி 1503-இல் மறையும் வரையில் வேங்கடேசுவரர்மீது சங்கீர்த்தனங்கள் பாடிவந்தார் என்று செப்பேடு குறிக்கிறது. அவர் இயற்றியவை 32,000 என்பது மரபு. இந்த எண்ணைப் பக்தர்களின் மிகை என்று சிலர் ஒதுக்குவார்கள். ஆயின் 79 வருஷங்களை நாட்களாக்கினால் ஏறத்தாழ 28,800 ஆகும். நாளுக்கு ஒரு பாட்டு, எப்போதாவது இன்னொன்று, அவ்வளவுதான். அதிசயம் அந்த எண்ணில் இல்லை. எழுபத்தொன்பது வருஷம் ஒருநாளும் நழுவவிடாமல் உட்கார்ந்ததில் இருக்கிறது.

அவருடைய மகனும் பேரனும் அந்தப் பாடல்களைச் செப்பேடுகளில் செதுக்குவித்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தகடுகள் கோயிலுக்குள் ஒரு சிற்றறையில் நூற்றாண்டுக் கணக்கில் மௌனமாகக் கிடந்து, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில்தான் வெளியுலகத்தின் பார்வைக்கு வந்தன. எஞ்சியவை பதினாலாயிரத்துக்குச் சற்று முன்பின்னாக இருக்கலாம். தகடுகளில் ராகத்தின் பெயர் உண்டு, ஸ்வரம் இல்லை. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற பண்டிதர்கள் எழுத்தைப் படித்துத் தர, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலான வித்துவான்கள் இசையமைக்க, எம். எஸ். சுப்புலட்சுமியின் குரல் அவற்றில் சிலவற்றைத் தென்னாட்டு வீடுகளுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது. ஒருவருடைய பித்து பல தலைமுறைகளின் சிரத்தையை வேண்டி நிற்கிறது.

கணினி யுகத்திலும் இதற்கொரு நிழல் உண்டு. பீப்பிள் என்னும் புனைபெயருடைய அமெரிக்கர் மைக் விங்கல்மன், 2007 மே முதல் தேதி தொடங்கி நாளுக்கு ஒரு படமாக வரைந்து, 5,000 நாட்களின் படங்களை ஒரே சட்டத்தில் தொகுத்தார். கிறிஸ்டீஸ் நிறுவனம் 2021 மார்ச்சில் அதனை ஏலம் விட, விலை 6 கோடியே 90 லட்சம் டாலரைத் தாண்டிற்று. அந்தப் படங்களின் தரத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். பதின்மூன்று வருஷங்களுக்கு மேலாக ஒருநாளும் தவறாத அந்த நியமத்தை நான் வணங்குகிறேன். ஆனால் உலகம் போற்றியது அந்த நியமத்தையா அல்லது அந்த ஒருநாளின் விலையையா என்று கேட்டால், பலரும் விலையைத்தான் சொல்வார்கள். செப்பேடுகளுக்கு அப்படியொரு நாள் வாய்க்கவில்லை. அவற்றிற்கு விலையும் கிடையாது.

வலையும் கோடும்

ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமா, 1959-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்த பெரும் படங்களுக்கு முடிவிலா வலைகள் என்று பெயரிட்டார். சிறு சிறு வளைவுகளை ஓய்வில்லாமல் இணைத்து, பல அடி நீளத்துணியை முழுதும் மூடிவிடும் அந்தப் படங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் காளஹஸ்திச் சிலந்தியின் நினைவு எனக்கு வருகிறது. இளமையிலேயே தம்மைச் சூழ்ந்த மனத்தோற்றங்களோடு போராடிய அவர், 1977 முதல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தாமாக விரும்பித் தங்கி, அருகிலுள்ள கலைக்கூடத்தில் நாள்தோறும் வேலை செய்துவந்தார். நோய் அவரை ஓவியராக்கிற்று என்பது மேலெழுந்தவாரியான பேச்சு. தம்மை விழுங்க வந்ததைத் தினந்தோறும் ஒரு வேலையாக மாற்றினார் என்பதே உண்மைக்கு அருகில் வரும்.

நம் நாட்டில் நஸ்ரீன் முகமதி அத்தகையவர். 1937-இல் பிறந்து 1990-இல் மறைந்த அவர், மையாலும் பென்சிலாலும் காகிதத்தில் இட்ட மெல்லிய கோடுகளே அவருடைய உலகம். நரம்பு நோய் உடலைத் தளர்த்திய பிற்காலத்திலும் கோட்டின் துல்லியம் குறையவில்லை.

இத்தகைய பெயர்களைச் சொல்லும்போது நம் வாசலை மறந்துவிடலாகாது. சித்தூர்ச் சீமையில் முக்கு என்றும் தமிழகத்தில் கோலம் என்றும் வழங்கும் கலையில், மாலைக்குள் மிதிபட்டு அழியப்போவது தெரிந்தும், பெண்கள் விடியலில் புள்ளி வைத்து இழை தவறாமல் சுற்றிவருகிறார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும், கோலத்தின் அமைப்பைக் கணினி இலக்கணத்தின் வழியே ஆராய்ந்து 1974-இல் வெளியிட்ட கட்டுரை, அத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. கணினி வடிவமைப்பு நம் வாசல்படியிலிருந்து பாடம் கேட்ட வேளை அது. ஆகவே கணினியே கலைக்குப் பகை என்று சொல்வது நியாயமாகாது.

முடிவற்ற தாள்

பகை எங்கே இருக்கிறது? 2006-இல் ஆசா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், பக்கத்தின் அடிக்கு வந்ததும் அடுத்த பகுதி தானாகவே வந்துசேரும் ஓர் ஏற்பாட்டை வகுத்தார். பிற்காலத்தில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். புத்தகத்திற்குக் கடைசிப் பக்கம் உண்டு; சேலைக்கு முந்தானை உண்டு; கோலத்தின் இழை தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து முடியும். முடிவு என்பது இல்லாத தாளில் கண் ஓடிக்கொண்டேயிருக்கும்போது, பித்துக்குரிய வேகம் அனைத்தும் நம்மிடம் இருக்கிறது; பித்துக்குரிய பொருள் மட்டும் கணந்தோறும் பிறரால் மாற்றப்படுகிறது. மணிக்கணக்கில் கண்ணைக் கொடுத்துவிட்டு எழுந்தால், கையில் ஒரு கோடுகூட மிஞ்சுவதில்லை.

கலம்காரிக்காரருக்கும் அன்னமாசாரியாருக்கும் குசாமாவுக்கும் கோலம் போடும் கிழவிக்கும் பொதுவானது, பித்தின் அளவல்ல. தாமே தேர்ந்த ஒரு பொருள், அதற்கென்று தாமே வகுத்த ஒரு நியமம், அன்றன்று முடிவடையும் ஒரு வேலை: இவை மூன்றுமே பொதுவானவை. பொன்முகலி ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. சாயத் துணியை அலசும் ஓடுநீருக்காகக் கலைஞர்கள் அலைய வேண்டியிருக்கிறது. நம்முடைய கண்களும் அவ்வாறே வறண்டுபோனால், அவர்கள் எழுதுவதைப் பார்க்க யார் இருப்பார்கள்?

கண்ணப்பர் கதையில் பலரும் வியப்பது, அவர் கண்ணைக் கொடுத்ததை. எனக்கோ அதற்கு அடுத்த கணமே பெரிதாகப் படுகிறது. இறைவனுடைய மற்றக் கண்ணிலும் இரத்தம் பெருகியதும், மிஞ்சிய கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று எண்ணி, அந்த வேடர் தம் காலை லிங்கத்தின் கண்ணருகே ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார். சாஸ்திரம் அறிந்த பூசகர் சிவகோசரியார் மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாஸ்திரம் அறியாத திண்ணனார், ஆவேசத்தின் உச்சியிலும், வேலை பிசகாதிருக்க வேண்டும் என்று அளவு பார்த்தார். கரிக்கோட்டால் இடம் குறித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத படிகார நீரால் எழுதத் தொடங்கும் கலைஞர்களுக்கு அந்தக் காலடியின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.