அச்சோவியத்தில் பெண்: வன்முறையும் பார்வையும்

அச்சோவியம் ஒரு மாளிகைச் சுவரில் தனித்துத் தொங்கும் ஓவியம் அன்று. ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகளாகப் பெருகிக் கைமாறுவது, விலைப்படுவது. ஆதலின், பெண்கள் மீதான வன்முறையைச் சித்திரிக்கும் பழைய அச்சோவியங்களை நோக்குமிடத்து, அவற்றின் வரைதிறன் மாத்திரமன்றி, பார்வையாளனுக்கு அவை கற்பித்த பார்வையும் ஆராயப்படல் வேண்டும். இவ்வகையில் இத்தாலியரான மார்க்கன்தோனியோ றைமொண்டியின் 'லுக்ரீசியா'வையும், ஸ்பானியரான பிரான்சிஸ்கோ கோயாவின் 'போரின் பேரழிவுகள்' தொகுதியையும் ஒப்பிடுதல் பயனுடையது.

அரசகுமாரனால் வன்புணர்வுக்குள்ளான உரோமப் பெண்ணொருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டதும், அதன் விளைவாக மன்னராட்சி வீழ்ந்ததும் லுக்ரீசியாவின் கதை. 1510ஆம் ஆண்டையொட்டி, ரபாயேலின் வரைவைத் தழுவி றைமொண்டி செதுக்கிய படத்தில் குற்றவாளி இல்லை, குற்றமும் இல்லை. பண்டைச் சிலையொன்றை நினைவூட்டும் கோலத்தில், கைகளை விரித்து, கத்தியேந்தி அவள் தனியே நிற்கிறாள். இழிவுடன் வாழ்தலினும் இறத்தலே நன்று எனப் பொருள்படும் கிரேக்க வாசகம் அருகே பொறிக்கப்பட்டுள்ளது. அழகிய உடலும் அறவுரையும் ஒருங்கே அமைய, பாதிக்கப்பட்டவளே தண்டனைக்கும் உரியவளாகிறாள். வன்முறையாளனோ சட்டகத்துக்கு வெளியே மறைந்துவிடுகிறான்.

கோயாவின் தொகுதி 1810க்கும் 1820க்கும் இடையில், நெப்போலியப் படையெடுப்பின் பின்னணியில் உருவானது. அவர் 1828இல் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1863இல் வெளியிடப்பட்டது. 'அவர்கள் விரும்பவில்லை' எனப் பொருள்படும் தலைப்புடைய ஒன்பதாவது படத்தில், சிப்பாயொருவன் ஒரு பெண்ணை இறுகப் பற்றுகிறான். அவள் அவன் முகத்தைப் பிறாண்டுகிறாள். பின்னால் ஒரு முதியவள் குத்துவாளை ஓங்குகிறாள். பதினோராவது படத்திலோ தாய் இழுத்துச் செல்லப்பட, குழந்தை நிலத்திற் கிடக்கிறது. இங்கே இலட்சிய அழகில்லை. குற்றவாளி சட்டகத்தினுள்ளேயே நிற்கிறான். தலைப்பு அறம் போதிக்கவில்லை. பெண்ணின் மறுப்பை மாத்திரம் பதிவுசெய்கிறது.

எனினும் கோயாவை முற்றுமுழுதான விதிவிலக்காகக் கொள்ளுதல் பொருந்தாது. குழந்தையை இடுப்பில் ஏந்தியவாறே ஈட்டியாற் போரிடும் பெண்ணைக் காட்டும் ஐந்தாவது படத்தின் தலைப்பு, அத்தகைய பெண்களைக் கொடுவிலங்குகளுக்கு ஒப்பிடுகிறது. எதிர்த்து நிற்கும் பெண் வியப்புக்குரியவளாகும் அதேவேளை அச்சத்துக்குரியவளாகவும் ஆக்கப்படுகிறாள்.

வன்முறையைச் சித்திரிப்பதே அதனை மீண்டும் நிகழ்த்துவதாகும் என வாதிப்போர் உளர். றைமொண்டியின் படம் இக்கூற்றை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. அங்கு வன்முறை காட்டப்படவேயில்லை, ஆயினும் அதன் நியாயம் காப்பாற்றப்படுகிறது. எனவே எது காட்டப்படுகிறது என்பதனோடு விமர்சனம் அமைந்துவிடலாகாது. குற்றவாளி எங்கே நிற்கிறான், பெண்ணின் மறுப்புக்கு இடமுண்டா, வாசகம் எவரது குரலில் ஒலிக்கிறது என்னும் வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும். அவற்றைத் தவிர்க்கும் கலைத்திறனாய்வு, அழகைப் பாராட்டும் பெயரில் வன்முறைக்கு மௌன சாட்சியாகவே எஞ்சும்.